பத்தாவது வாரத்துப் பச்சைப் புள்ளி

ஓரிடத்தில் ஒருபோதும் இல்லாத ஒருவர், அந்த இடத்தை விட்டுப் போக முடியுமா?

வகுப்பறையில் கேட்டால் இதற்கு எப்படியும் பதில் சொல்லலாம். முடியும் என்றோ முடியாது என்றோ நாலு வரியில் நிறுவிவிட்டு, மணி அடித்ததும் எழுந்து போய்விடலாம். ஒரு கல்லூரியின் இணையவழிப் படிப்புப் பிரிவில் இருபத்தெட்டு ஆண்டுகள் வேலை பார்த்த ஒரு பெண்மணிக்கு அந்த வசதி கிடைக்கவில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை முற்பகலில் அந்தக் கேள்வி அவருடைய மேசைக்கு எதிரே வந்து உட்கார்ந்தது. அதன் பிறகு எழுந்து போகவே இல்லை.

அலுவலகத்தில் அவருக்குப் பெயர் 'செக்லிஸ்ட் அக்கா'. பேராசிரியர்கள் உருவாக்கும் இணையப் பாடங்களை மாணவர்களுக்குத் திறந்துவிடும் முன் சரிபார்ப்பது அவர் வேலை. அதற்காக நாற்பத்திரண்டு வரிகள் கொண்ட ஒரு பட்டியல் வைத்திருந்தார். காணொளி ஓடுகிறதா, கீழே வரும் எழுத்து பேச்சோடு பொருந்துகிறதா, இணைப்பு திறக்கிறதா, சின்னத் திரையில் படம் வெட்டுப்படுகிறதா என்று போகும் அது. எல்லாவற்றுக்கும் நேரே டிக் விழாமல் எந்தப் பாடமும் அவர் வேலை பார்த்த மாடியை விட்டு இறங்கியதில்லை. லிஃப்ட் மெக்கானிக்கான அவர் கணவர் வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார்: "பொண்ணு பார்க்கப் போனப்ப எல்லாரும் என்னை ஏற இறங்கப் பார்த்தாங்க. இவ மட்டும் டிக் அடிச்சிக்கிட்டிருந்தா."

பதவிப் பெயர் வேறு: பாட வடிவமைப்பு உதவியாளர். செய்தது முழு வடிவமைப்பாளர் வேலை. அந்த 'உதவி' கடைசிவரை ஒட்டிக்கொண்டே இருந்தது. காரணம் அவருடைய பணிக்கோப்பில் இருந்த ஒரு காலிக் கட்டம். பட்டம் என்ற தலைப்புக்குக் கீழே எதுவும் இல்லை. கல்லூரி இரண்டாம் ஆண்டில் அப்பா படுத்த படுக்கையாகிவிட, ஒரு புதன்கிழமை மதிய இடைவேளையில் பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தவர் திரும்பப் போகவில்லை. கல்லூரியிலிருந்து யாரும் தேடி வரவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்கூட ஒரு வரி எழுதவில்லை. அக்கா இதைக் குறையாகச் சொன்னதில்லை. பேருந்து எத்தனை மணிக்கு என்று சொல்வதுபோலச் சொல்வார்.

அஞ்சல்வழிப் பாடங்களைத் தட்டச்சு செய்ய வந்தவர், பாடங்கள் தாளிலிருந்து திரைக்குப் போனபோது கூடவே போனார். அவர்கள் பிரிவு மூன்றாவது மாடியின் பின்பக்கம் இருந்தது. முன்பு விடைத்தாள்களைக் கட்டிக் கட்டி அடுக்கி வைத்திருந்த அறைகள். சுவரில் இன்னமும் வரிசை எண்கள் இருந்தன. மூலையில் இருந்த ஒலிப்பதிவு அறைக்குச் சுவரெல்லாம் பழைய கம்பளம். உள்ளே போய்க் கதவைச் சாத்தினால் தன் மூச்சே இன்னொருவருடையதுபோலக் கேட்கும். பிரிவில் ஏழு பேர். ஏழு பேர் காதிலும் ஹெட்ஃபோன். பகல் முழுக்க அங்கே பேச்சுதான், ஆனால் நடந்து போகிறவர் காதில் ஒன்றும் விழாது.

இந்த வேலையை வெளியே இருப்பவர்கள் வீடியோ எடுப்பது என்று நினைத்துக்கொள்கிறார்கள். உண்மையில் அது கேள்வி கேட்கும் வேலை. புள்ளியியல் பேராசிரியர் முதன்முதலில் தன் பாடத்தோடு வந்தபோது, அக்கா வழக்கமான கேள்வியைக் கேட்டார்.

"மூணாவது வாரம் முடிஞ்சதும் பசங்களால என்ன செய்ய முடியணும் சார்?"

"சராசரின்னா என்னன்னு புரிஞ்சிருக்கணும்."

"புரிஞ்சிருக்குன்னு நான் எப்படி சார் பார்க்கறது? கண்ணுக்குத் தெரியற மாதிரி ஒண்ணு சொல்லுங்க."

"முப்பது வருஷமா சொல்லித் தரேன்மா. யாரும் இப்படிக் கேட்டதில்லை."

"நேர்ல சொல்லித் தரும்போது முகத்தைப் பார்ப்பீங்க. இங்க முகம் கிடையாதே."

பேராசிரியர் கோபித்துக்கொண்டு போனார். அடுத்த வாரம் திரும்பி வந்தார், பதினான்கு வாரத்துக்கும் ஒவ்வொரு வரி எழுதிக்கொண்டு. மாணவர்கள் அவருக்கு 'சராசரி சார்' என்று பெயர் வைத்திருந்தார்கள். உயரம், குரல், சட்டை எல்லாமே நடுவாக இருப்பதால் அந்தப் பெயர் என்பார்கள். அது அவருக்கும் தெரியும். "நடுவுல இருக்கறது சாதாரண விஷயமில்லை" என்பார்.

அந்தப் பாடத்துக்குத்தான் அக்கா 'கடைசி பெஞ்ச்'சை உண்டாக்கினார்.

எந்தப் பாடத்தையும் மாணவர் கண்ணால் பார்க்க ஒரு சோதனைக் கணக்கு வைத்துக்கொள்வது இந்தத் தொழிலில் வழக்கம். மாணவரைப்போல உள்ளே நுழைந்து, மாணவர் அழுத்தும் பொத்தான்களை அழுத்திப் பார்ப்பதற்கு. அக்கா அதோடு நிற்கவில்லை. அந்தப் பாடத்தில் சேர்கிறவர்கள் பெரும்பாலும் வேலைக்குப் போகிறவர்கள். பள்ளியை விட்டுப் பல வருடம் ஆனவர்கள். புரியவில்லை என்று சொல்லக் கூச்சப்படுவார்கள். அதனால் கலந்துரையாடல் பக்கத்தில் யாரும் சொந்தப் பெயரில் வர வேண்டாம், புனைபெயர் போதும் என்று விதி வைத்தார். அப்படியும் முதல் ஆள் வாயைத் திறக்க வேண்டுமே. சோதனைக் கணக்குக்குக் 'கடைசி பெஞ்ச்' என்று பெயர் கொடுத்து, அந்தந்த வாரம் தானாக வெளிவரும்படி, வாரத்துக்கு ஒன்றாக அதன் பெயரில் எழுதி வைத்தார்.

"சார் சொல்றது நிஜமாவே எல்லாருக்கும் புரியுதா? இல்ல, நான் மட்டும்தான் முழிச்சிக்கிட்டு இருக்கேனா?" இது முதல் வாரம்.

"சராசரியும் இடைநிலையும் எனக்கு அண்ணன் தம்பி மாதிரி. எது எதுன்னு முகத்தை வெச்சுச் சொல்லத் தெரியல." இது மூன்றாவது வாரம்.

எழுதுவதற்கு அக்காவுக்குச் சிரமமே இல்லை. அந்தக் குரல் அவரிடம் முப்பது வருடமாகச் சும்மா இருந்தது.

ஒன்பதாவது வாரம்வரை எழுதினார். கடைசி ஐந்து வாரத்துக்கான ஒலிப்பதிவைச் சராசரி சார் தொண்டைக்கட்டு என்று தள்ளிப்போட்டு, பாடம் திறக்க மூன்று நாள் இருக்கும்போதுதான் முடித்துக் கொடுத்தார். கீழே ஓட வேண்டிய எழுத்துகளைத் திருத்தவே அந்த மூன்று நாள் பற்றவில்லை. தன் குறிப்பேட்டில் 'க.பெ. பத்து முதல் பதினான்கு எழுதணும்' என்று ஒரு வரி போட்டார். பாடம் திறந்தது. நாற்பத்திரண்டுக்கும் டிக் விழுந்திருந்தது. குறிப்பேட்டு வரி பட்டியலில் இல்லாததால் அது யார் கண்ணிலும் படவில்லை.

ஒவ்வொரு பருவமும் பாடத்தை அப்படியே நகலெடுத்துப் புதிய மாணவர்களுக்குத் திறப்பார்கள். கடைசி பெஞ்ச்சும் நகலாகி, ஒவ்வொரு முறையும் முதல் வாரத்தில் வந்து முழித்தது, மூன்றாவது வாரத்தில் அண்ணன் தம்பியைப் பிரித்துப் பார்க்க முடியாமல் தவித்தது, ஒன்பதாவது வாரத்தோடு நின்றது. இப்படி ஆறு பருவங்கள்.

மூன்று வருடம் கழித்து அந்தப் பாடம் மறுபரிசீலனைக்கு வந்தது. பிரிவுத் தலைவி அக்காவை அழைத்துத் திரையில் ஒரு கோட்டைக் காட்டினார். வாரவாரம் எத்தனை மாணவர்கள் மிச்சமிருக்கிறார்கள் என்ற கோடு. ஒன்பதுவரை மெதுவாக இறங்கி வந்தது, பத்தில் பொத்தென்று விழுந்தது. ஆறு பருவத்திலும் அதே இடம்.

"பத்தாவது வாரம் என்ன பாடம்?"

"கருதுகோள் சோதனை, மேடம்."

"அவர் நடத்தறது ஒருத்தருக்கும் விளங்கலைன்னு அர்த்தம். வேற ஆளை வெச்சுத் திரும்ப எடுத்திடலாம். பத்து மட்டும் ஏன், மொத்தமாவே மாத்திடலாம். சாருக்கு ரிடையராக இன்னும் ரெண்டு வருஷம்தானே?"

"அறிக்கை எழுதிட்டு முடிவு பண்ணலாமே மேடம்."

"எழுதுங்க. மாணவர்கள் சொன்னது ரெண்டு மூணு எடுத்துப் போடுங்க. பார்க்க எடுப்பா இருக்கும்."

அந்த ரெண்டு மூணு வரிக்காகத்தான் செவ்வாய்க்கிழமை முற்பகலில் அக்கா பழைய கலந்துரையாடல் பக்கங்களைத் திறந்தார். அதுவரை அவற்றை அவர் படித்ததில்லை. பக்கம் திறக்கிறதா என்று பார்ப்பது பட்டியலில் இருந்தது. அதில் இருப்பதைப் படிப்பது இல்லை.

இரண்டாவது பருவத்தில் 'மாடிப்படி' என்ற பெயரில் ஒருவர் இருந்தார். கடைசி பெஞ்ச் எழுதிய ஒவ்வொன்றுக்கும் கீழே மாடிப்படியின் பதில் இருந்தது.

"நீங்க மட்டும் இல்லங்க, நானும் முழிக்கிறேன். கை குடுங்க."

"அண்ணன் தம்பி ஜோக் சூப்பர். எங்க வீட்டுல சொன்னேன், யாரும் சிரிக்கல. உங்களுக்காக நான் ரெண்டு தடவை சிரிச்சிட்டேன்."

"வீட்டுல சத்தம். மாடிப்படியில உட்கார்ந்துதான் படிக்கிறேன். நீங்க எங்க உட்கார்ந்து படிக்கறீங்க?"

கேட்ட எதற்கும் பதில் வரவில்லை. ஆனால் அடுத்த வாரம் கடைசி பெஞ்ச்சின் புதிய வரி வரும். மாடிப்படி அதையே பதிலாக எடுத்துக்கொண்டு மேலே பேசும். ஐந்தாவது வாரத்தில் ஓர் ஒப்பந்தம்கூட இருந்தது: "நீங்களும் விடக்கூடாது, நானும் விடமாட்டேன். சரியா?" ஆறாவது வாரத்துக்காக அக்கா எப்போதோ எழுதி வைத்த வரி, "சரி, இதையும் ஒரு கை பார்த்திடுவோம்" என்று தொடங்கியது. அக்கா அந்த இடத்தில் ஹெட்ஃபோனைக் கழற்றி வைத்தார். அதில் ஏற்கெனவே ஒன்றும் ஓடிக்கொண்டிருக்கவில்லை.

ஒன்பதாவது வாரத்தில் கடைசி பெஞ்ச் எழுதியிருந்தது: "தலை சுத்துது. பாதியிலயே நிறுத்திட்டேன். மீதியை அப்புறம் பார்க்கறேன்."

அதற்குக் கீழே:

"ரெஸ்ட் எடுங்க. அவசரம் இல்லை."

"பத்தாவது வாரம் வந்திடுச்சு. வந்தீங்களா?"

"உடம்பு நல்லாயிருக்கா?"

"நீங்க உள்ள வந்திருக்கறது தெரியுது. பேருக்குப் பக்கத்துல பச்சைப் புள்ளி எரியுது. பேச முடியாத இடத்துல இருந்தா பேச வேண்டாம். நான் இங்கதான் இருக்கேன்னு சொல்லத்தான் எழுதினேன்."

கடைசியாக, பன்னிரண்டாவது வாரத்தில்: "சரிங்க. நானும் கிளம்பறேன்."

அந்தத் தேதிகளை அக்கா தன் வேலைக் குறிப்போடு ஒத்துப் பார்த்தார். பத்தாவது வாரத்தில் இரண்டு நாள், பதினோராவது வாரத்தில் ஒரு நாள், இணைப்புகளைச் சோதிக்க அவரே கடைசி பெஞ்ச்சாக உள்ளே போயிருந்தார். பச்சைப் புள்ளி அவர்தான். அங்கே ஒருவர் நின்று கூப்பிட்டுக்கொண்டிருந்தபோது, அதே அறையில் அக்கா ஆணி அடித்திருக்கிறதா, கதவு திறக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

மற்றப் பருவங்களையும் திறந்தார். ஆறு பருவத்தில் பதினேழு பேர் கடைசி பெஞ்ச்சுக்குப் பதில் எழுதியிருந்தார்கள். அதில் பதினோரு பேர் பத்துக்கும் பன்னிரண்டுக்கும் இடையில் படிப்பை விட்டிருந்தார்கள்.

வீட்டில் அன்று மாலை சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தார், சாப்பிடவில்லை. கணவர் கேட்டபோது சொல்லாமல் வேறொன்று கேட்டார்.

"ஏங்க, ஆளே இல்லாத மாடியில லிஃப்ட் போய் நின்னு கதவைத் திறக்கும்னு சொல்வீங்களே. அது ஏன்?"

"பேய்னு சொல்லி ராத்திரி வாட்ச்மேன்கள் என்னைக் கூப்பிடுவாங்க. பேயும் இல்ல, பிசாசும் இல்ல. யாராவது பட்டனை அழுத்தியிருப்பாங்க. வரலைன்னதும் படியில இறங்கிப் போயிருப்பாங்க. இது அப்புறமா வந்து கதவைத் திறந்து நிக்கும். பாவம்."

"யாரு பாவம்?"

"லிஃப்ட்தான். கூப்பிட்டாங்கன்னுதானே வந்துச்சு?"

"நம்ம பாடத்துல ஒருத்தங்க மாடிப்படியில உட்கார்ந்து படிச்சாங்களாம்."

"அப்ப அந்தக் கட்டடத்துல லிஃப்ட் நல்லா ஓடுதுன்னு அர்த்தம். அந்த மாதிரி இடத்துல படி மாதிரி நிம்மதி எங்கயும் கிடையாது. நாங்க டிபன் பாக்ஸைப் பிரிக்கறதே அங்கதான்." பிறகு மனைவியின் முகத்தைப் பார்த்து, "சாப்பிடும்மா. சோத்தைச் சோதனை பண்ணிக்கிட்டு இருக்காதே" என்றார்.

அன்றிலிருந்து பச்சை வெளிச்சம் எல்லா இடத்திலும் கண்ணில் பட்டது. சார்ஜரில், குளிர்சாதனப் பெட்டியின் ஓரத்தில், பேருந்தின் கதவுக்கு மேல். ஒவ்வொன்றும் யாரோ உள்ளே இருந்துகொண்டு பேசாமல் இருப்பதுபோல.

வியாழக்கிழமை சராசரி சாரிடம் எல்லாவற்றையும் எடுத்துப்போய்க் காட்டினார். அது எளிதான காரியம் இல்லை. பழி சாரின் மேல் விழ இருந்தது. தன் மேல் எடுத்துக்கொள்ளத்தான் போனார். சார் தாள்களை வாங்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, முழுக்கப் படித்தார்.

"உங்க பாடத்துல தப்பில்லை சார். என்னாலதான் போயிருக்காங்க. அறிக்கையில எழுதப் போறேன்."

"எழுதக் கூடாது."

"ஏன் சார்?"

"பதினேழு பேரை வெச்சுக்கிட்டு ஒண்ணும் சொல்ல முடியாதும்மா. அதோட, இதுக்கு யாரு பதில் எழுதுவாங்க? பேச ஆள் இல்லாதவங்க. பாதியில விட்டுட்டுப் போறது யாரு? அதே பேச ஆள் இல்லாதவங்க. உன் ஆளு வாயைத் திறக்காமலே இருந்திருந்தாலும் இவங்க போயிருக்கலாம்."

"அப்ப நான் காரணமில்லைங்கறீங்களா?"

"அதையும் சொல்ல முடியாது."

"சார், நான் உங்களைக் காப்பாத்த வந்திருக்கேன்."

"தெரியுது. தப்புக் கணக்குல நான் பாஸாக வேண்டாம்." கண்ணாடியைக் கீழே இறக்கினார். "ஒண்ணு செய். பாடத்துல ஒரு எழுத்தைக்கூட மாத்தாதே. கடைசி பெஞ்ச்சை மட்டும் எடுத்திடு. அடுத்த பருவம் பத்தாவது வாரத்துல என்ன ஆகுதுன்னு பார்ப்போம். கோடு விழலைன்னா, தப்பு உன்னுது. விழுந்துச்சுன்னா என்னுது. ஒரு பருவம்தானே? பொறுத்துக்க."

பிரிவுத் தலைவி இதற்கு ஒப்புக்கொண்டார், வேறு காரணத்துக்காக. "இல்லாத மாணவியை நாம வெச்சிருந்தோம்னு எதிலயும் எழுதாதீங்க. சத்தமில்லாம எடுத்திடுங்க. கேட்டா யாருமே இல்லைன்னு சொல்லிடலாம்."

"யாருமே இல்லைங்கறது உண்மைதானே மேடம்" என்றார் அக்கா. தலைவிக்கு அது ஒத்துப்போவதாகத்தான் கேட்டது.

கணக்கு அகற்றப்பட்டது. நாற்பத்திரண்டு வரியில் ஒன்றும் கூடவில்லை, குறையவில்லை.

பாதியில் விட்டவர்களைத் தொலைபேசியில் அழைத்துத் திரும்பச் சேரச் சொல்வது ஒவ்வொரு பருவத் தொடக்கத்திலும் நடப்பது. எண்களைப் பிரித்துக்கொள்வார்கள். அக்கா அந்த முறை மாடிப்படியின் எண் இருந்த தாளைத் தான் எடுத்துக்கொண்டார். ஒலிப்பதிவு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழைத்தார். மதியம் ஒன்றரை இருக்கும்.

எடுத்தது ஒரு பெண். நாற்பதுக்கு மேல் இருக்கலாம். மருத்துவமனை ஆய்வகத்தில் ரத்தக் குப்பிகளுக்கு எண் ஒட்டும் வேலை என்றார். கல்லூரி என்றதும் முதலில் பயந்தார்.

"புக்கெல்லாம் திருப்பிக் குடுக்கணுமாங்க?"

"அதெல்லாம் இல்லம்மா. திரும்பச் சேர விருப்பமான்னு கேட்கத்தான். நீங்க பன்னிரண்டு வாரம் வந்திருக்கீங்க. இன்னும் ரெண்டே வாரம் இருக்கும்போது விட்டுட்டீங்க."

"ஆமாங்க்கா. அக்கான்னு கூப்பிடலாம்ல? குரலைக் கேட்டா அக்கான்னுதான் வருது."

"கூப்பிடுங்க."

"அக்கா, ஒண்ணு கேட்டா தப்பா நெனைக்க மாட்டீங்களே? எங்ககூட கடைசி பெஞ்ச்னு ஒருத்தங்க படிச்சாங்க. அவங்க நல்லாயிருக்காங்களா?"

கம்பளச் சுவர்கள் அக்காவின் மூச்சை அவருக்கே திருப்பித் தந்தன.

"ஏம்மா கேட்கறீங்க?"

"திடீர்னு நின்னுட்டாங்க. உள்ள வருவாங்க, பச்சைப் புள்ளி எரியும், பேச மாட்டாங்க. வீட்டுல யாரோ அவங்களைப் பேச விடாம வெச்சிருக்காங்கன்னு தோணிடுச்சு. ரெண்டு வருஷமாச்சு. பஸ்ல பேசாம உட்கார்ந்திருக்கற பொம்பளைங்களைப் பார்த்தா இவங்களா இருக்குமோன்னு பார்ப்பேன். பைத்தியம் மாதிரி."

அக்கா கேட்க வந்ததைக் கேட்டார். "அவங்க நின்னதாலதான் நீங்களும் விட்டீங்களா?"

அந்தப் பெண் யோசித்தார். நேர்மையாக யோசிக்கும் சத்தம் கேட்டது.

"அப்படிச் சொல்ல முடியாதுக்கா. மாமியார் படுத்துட்டாங்க. ஷிப்டு மாத்திட்டாங்க. அந்தப் பத்தாவது வாரம் வேற, சத்தியமா ஒண்ணும் புரியல. எல்லாம் சேர்ந்துதான். ஆனா ஒண்ணு. அவங்க இருந்திருந்தா சொல்லிட்டுப் போயிருப்பேன். சொல்லிக்கிட்டுப் போகக்கூட ஆள் இல்லாமப் போனேன் பாருங்க, அதுதான்." பிறகு குரல் கொஞ்சம் எழுந்தது. "அவங்க முடிச்சாங்களாக்கா?"

அப்படி ஒருவர் இல்லை என்று சொல்வதற்கு இடம் இருந்தது. தலைவி சொல்லச் சொன்னதும் அதுதான், உண்மையும் அதுதான். முடித்துவிட்டார் என்று ஒரு நல்ல பொய்யைச் சொல்லவும் இடம் இருந்தது. அக்காவின் வாயில் வந்தது இரண்டும் இல்லை.

"இன்னும் இல்லம்மா."

"அப்ப இருக்காங்களா!" என்றார் அந்தப் பெண். அந்தப் பக்கத்தில் குப்பிகள் ஒன்றோடொன்று மோதும் ஓசை. "நான் கேட்டேன்னு சொல்லுங்கக்கா. சேர்றதைப் பத்தி... பார்க்கறேன். மாமியார் இன்னும் எந்திரிக்கல. பார்க்கறேன்."

சேர்க்கைக்குக் கடைசி நாள் வெள்ளிக்கிழமை. அன்று காலையிலிருந்து அக்கா புதிய பெயர்ப் பட்டியலை மூன்று முறை திறந்து பார்த்தார். மாடிப்படி என்று யாரும் சேர்ந்திருக்கவில்லை. பிற்பகலிலும் இல்லை. நான்கு மணிக்குப் பக்கத்து மேசைக்காரர் பையை எடுத்துக்கொண்டு கிளம்பியபோது அக்கா சேர்க்கைப் படிவத்தைத் திறந்து வைத்திருந்தார். ஐம்பத்தொன்று என்று வயதைப் போட்டார். சொந்தப் பெயர், சொந்த முகவரி. புனைபெயர் என்ற இடத்தில், காலியாகக் கிடந்த அந்தப் பழைய பெயரையே எழுதினார்.

பருவம் தொடங்கிய அன்று சராசரி சார் பட்டியலைப் பார்த்துவிட்டு மூன்றாவது மாடிக்கு ஏறி வந்தார். கடைசி பெஞ்ச் இல்லாமல் நடக்க வேண்டிய பருவம் அது. அந்தப் பெயர் பட்டியலில் இருந்துவிட்ட பிறகு, பத்தாவது வாரத்தில் கோடு விழுந்தாலும் விழாவிட்டாலும் அது யார் தப்பு என்று யாராலும் சொல்ல முடியாது.

"இனிமே எதையும் கண்டுபிடிக்க முடியாது. தெரியும்ல?"

"தெரியும் சார்."

"உனக்குத் தெரிஞ்சிக்க வேண்டாமா?"

அக்கா பாடத்தின் முதல் வாரத்தைத் திரையில் திறந்தார். சார் அதைப் பார்த்தார். "சரி, மூணாவது வாரப் பயிற்சியை ஒழுங்கா அனுப்பு. தெரிஞ்சவங்கன்னு மார்க் போட மாட்டேன்" என்று இறங்கிப் போனார்.

பட்டத்தை முடித்து அந்த 'உதவி'யைக் கழற்றப் போகிறார் என்று பிரிவுத் தலைவி நினைத்தார், வாழ்த்துகூடச் சொன்னார். கணவர் நினைத்தது என்னவென்று தெரியாது. ஒரே ஒரு முறை, "எதுக்கும்மா இந்த வயசுல?" என்று கேட்டார். "சும்மாதான்" என்றார் அக்கா. மறுநாள் வீட்டு மாடிப்படியில் எரியாமல் கிடந்த விளக்கைக் கணவர் மாற்றிப் போட்டார்.

எழுத்தில் மிஞ்சியிருப்பது அந்தப் படிவம் ஒன்றுதான். அதன் கடைசிக் கேள்வி, 'இந்தப் படிப்பில் சேர்வதற்கான காரணம்.' அதை நிரப்பாமல் படிவத்தை அனுப்ப முடியாது. அந்தக் கட்டாயத்தை வைத்தவரே அக்காதான். யாரும் யோசிக்காமல் சேரக் கூடாது என்று வருடங்களுக்கு முன் வாதாடி வைத்தது. அந்தப் பெட்டிக்குள் ஏதாவது ஓர் எழுத்தோ குறியோ இருந்தால் போதும், படிவம் போய்விடும் என்பதும் அவருக்குத்தான் தெரியும்.

அதில் ஒரு புள்ளி மட்டும் வைத்திருக்கிறார்.